சிட்டு என் வீட்டுக்கு வந்த விவரம், பாக்கியம் அக்காவுக்கு

என் ஆசை பாக்கியம் அக்கா,

உன் பூனை உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய். இடது முன்னங்காலை இன்னும் சரியாக ஊன்ற வரவில்லை. ஆனால் தின்கிறது, தூங்குகிறது, கோபம் வந்தால் என்னைப் பிறாண்டுகிறது. நான் இதை எழுதும்போது அரிசி மூட்டைமேல் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இப்போது ரப்பர்த் தோட்டத்தில் இல்லை. ஈப்போவுக்கு வந்துவிட்டோம். புந்தோங்கில் ஒரு மாட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. என் வீட்டுக்காரர் ரயில் பாதையில் கல் கொட்டுகிற வேலைக்குப் போகிறார். நான் மாடு கறக்கிறேன். மரத்துப் பாலை விட்டு மாட்டுப் பாலுக்கு வந்துவிட்டேனா என்று நீ கேலி செய்திருப்பாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள்.

லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த வீடுகளில், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அது கூரை வரை போகாது, என் தலைக்கு மேல் ஒரு சாண், அவ்வளவுதான். நீ உப்புக் கேட்டால் கையை உயர்த்தி அதன் வழியாகத்தான் கொடுப்பேன். மாணிக்கம் உன்னை அடிக்கிற சத்தமும் அதே வழியாகத்தான் வரும். மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுப்போம். உன் உதடு வீங்கியிருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி உன்னிடம் வேறு ஏதாவது பேசுவேன். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சிட்டு மழை நாளில் ரப்பர்க் காட்டிலிருந்து உன் பின்னாலேயே வந்த பூனை. சாம்பலும் கறுப்புமாக வரி, வாலில் பாதி இல்லை. என் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. கிழட்டு மூக்காயி, லயம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைப்பவள். அவளுடைய மகன் வீரன், பேருக்குத்தான் வீரன், யார் வந்தாலும் காலில் உரசிக்கொண்டு நிற்பான். உன் பூனை சுவர்மேல் வந்து உட்கார்ந்தால் கீழே இருந்து இரண்டும் உறுமும். நீ அந்தப் பக்கமிருந்து சிரிப்பாய்.

ஒரு நாள் சிரிக்காமல் கேட்டாய்: "ராசு, எனக்கு ஏதாச்சும் ஆனா இத நீ வச்சுக்குவியா?"

என் வீட்டில் இருக்கிற இரண்டும் அதைக் கிழித்துவிடும் என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நீ எதைக் கேட்டாய் என்று எனக்கு அப்போது புரியாமல்தான் போனதா, அல்லது புரிந்துதான் அப்படிச் சொன்னேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாணிக்கம் கள்ளுக்கடையிலிருந்து வந்தபோது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கென்று நீ எடுத்துவைத்த மீனைச் சிட்டு தின்றுவிட்டது. முதலில் சட்டி உடைகிற சத்தம். அப்புறம் அவன் வழக்கமாகப் பேசுகிற பேச்சு. அப்புறம் பூனை கத்தியது. விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான். அது சுவரில் ஏற முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தது எனக்குக் கேட்டது. நீதான் அதை இரண்டு கையாலும் தூக்கிச் சுவருக்கு மேலே தள்ளினாய். உன் கைகள் மட்டும் தெரிந்தன. பச்சை வளையல் போட்டிருந்தாய்.

பூனை என் காலடியில் விழுந்து, மூன்று காலால் தத்தி, பின்வாசல் வழியாக ஓடியது. அடி உன் பக்கம் திரும்பியது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ராசு. அவங்க வூட்டு விசயம். கங்காணிக்குத் தம்பி வேற" என்றார். நான் நின்றேன். அவர் பிடித்ததால் நின்றேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உதறியிருந்தால் விட்டிருப்பார், அக்கா. அவர் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் உன் குரல் நின்றுவிட்டது. அடி நிற்கவில்லை. அப்போதுதான் மண்ணெண்ணெய்ப் பெட்டியைப் போட்டு ஏறிப் பார்த்தேன். நீ குப்புறக் கிடந்தாய். பால் வாளி தூக்குகிற காண்டாக் கம்பை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் பார்க்கும்போதே உன் தலையில் இரண்டு முறை இறக்கினான். மூன்றாவதற்கு ஓங்கியபோது நான் கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கம்பைப் போட்டுவிட்டுக் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

மாட்டு வண்டியில் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உன் தலை என் மடியில் இருந்தது. என் சேலை முழுவதும் நனைந்துவிட்டது. பாதி வழியில் நீ ஏதோ சொன்னாய். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. குனிந்து மறுபடியும் சொல் என்றேன், நீ சொல்லவில்லை. என்ன சொன்னாய் அக்கா? ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நீ இல்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது.

நீ குழாயடிக் கல்லில் வழுக்கி விழுந்தாய் என்று கங்காணி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் அதை நம்பவில்லை. மறுநாள் போலீஸ் லயத்துக்கு வந்து எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டது. கங்காணி பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். என் முறை வந்தது. நான் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஆமாம் அக்கா. நான்தான் சொன்னேன். இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை ஆரம்பித்து, இந்த இடத்துக்கு வந்ததும் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

மாணிக்கத்தை விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் அவன் அண்ணன் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டான். உன் வீட்டைப் பூட்டினார்கள். அன்றிலிருந்து சிட்டு அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்தது. கால் வீங்கிப்போய், காது ஓரத்தில் சீழ் வைத்து, நாள் முழுவதும் கத்தும். சாவு வீட்டுப் பூனை என்று யாரும் கிட்டப் போகவில்லை. மூன்றாம் நாள் நான் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன். உனக்கு வேறு எதுவும் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. இதையாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

சாக்கைத் தரையில் வைத்து அவிழ்த்ததுதான் தாமதம். மூக்காயி அதன் கழுத்தைக் கவ்விவிட்டாள். இரண்டும் ஒரே உருண்டையாகச் சுவரில் மோதின. மயிர் கற்றை கற்றையாகப் பறந்தது. சட்டி பானை உருண்டது. என் கண்ணுக்கு அங்கே பூனைகள் தெரியவில்லை, அக்கா. பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம்தான் கேட்டது. நான் யோசிக்காமல் இரண்டுக்கும் நடுவில் கையை விட்டேன். எது கடித்தது என்று தெரியாது, கட்டை விரல் அடியில் பல் எலும்பு வரை இறங்கியது. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. பிரித்துவிட்டேன்.

கை வீங்கி முழங்கை வரை சிவந்துவிட்டது. தோட்டத்து டிரஸ்ஸர் கீறிச் சீழ் எடுத்தார். எட்டு நாள் மரம் சீவுகிற உளியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பூனையைக் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடலாம் என்றார். நான் நல்ல கையால் சிட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அப்புறம் கேட்கவில்லை.

வழி சொன்னவர் நம் தோட்டத்துக் கடை ராவுத்தர்தான். எலிக்காக அரிசிக் கிடங்கில் ஆறேழு பூனை வைத்திருப்பாரே. என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். ஒரே நாளில் முகத்துக்கு முகம் விட்டது என் தப்பு என்றார். "பூனைக்கு மூஞ்சி முக்கியமில்லம்மா, வாடைதான். ஒரே துணியால மூணையும் தொடச்சு வுடு. நடுவுல பலகைய வச்சு ரெண்டு பக்கமும் சோறு வையி. ஒண்ண ஒண்ணு பாக்காம ஒண்ணா திங்கட்டும்."

எந்தத் துணி என்று நான் தேடவேண்டியிருக்கவில்லை. உன் பழைய நீலச் சேலை பின்பக்கக் கொடியில் காய்ந்தபடியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. அதில் பாதியைக் கிழித்தேன். காலையில் பால் எடுக்கப் போவதற்கு முன் சிட்டைத் துடைப்பேன், அதே துணியால் மூக்காயியைத் துடைப்பேன், வீரனைத் துடைப்பேன். அடுப்படிக்குக் குறுக்கே பலகை வைத்து அந்தப் பக்கம் சிட்டு, இந்தப் பக்கம் இவை இரண்டும். சோற்றில் கொஞ்சம் நெத்திலி. முதல் வாரம் தட்டைத் தொடாமல் பலகையைப் பார்த்துச் சீறிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வாரம் சீறிக்கொண்டே தின்றார்கள்.

வீரன்தான் முதலில் இறங்கி வந்தான். பலகை இடுக்கில் காலை விட்டுத் துழாவுவான். சிட்டு அடிக்கும். மறுபடியும் விடுவான். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது பலகை சரிந்து கிடந்தது. பதறிப்போய் உள்ளே ஓடினேன். சிட்டும் வீரனும் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள். மூக்காயி எட்ட உட்கார்ந்து இரண்டையும் வெறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் நான் உனக்காக வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே மாணிக்கம் திரும்பி வந்து உன் வீட்டைத் திறந்தான்.

சிட்டுக்கு அவன் இருமல் கேட்டாலே போதும், விறகுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்ளும். நான் முன்கதவைச் சாத்தியே வைத்தேன். எத்தனை நாளைக்குச் சாத்திவைக்க முடியும்? ஒரு சாயங்காலம் அது தெரியாமல் சுவர்மேல் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் அவன் நின்றிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் காண்டாக் கம்போடு என் வாசலில் வந்து நின்றான். குடித்திருந்தான்.

"அந்தச் சனியனாலதான் எம் பொண்டாட்டி போனா. வெளிய எடுத்துப் போடு" என்றான்.

நான் நகரவில்லை. வீரன் போனான். யார் வந்தாலும் போவானே, அப்படித்தான் வாலைத் தூக்கிக்கொண்டு அவன் காலடிக்குப் போனான். மாணிக்கம் அவனை முதலில் காலால் எற்றினான். சுவரில் அடித்து விழுந்து எழப் பார்த்தவனை, கம்பால் ஓங்கி ஒரே அடி. இது சிட்டு இல்லை என்று அவனுக்குத் தெரியும். வீரன் வெள்ளைப் பூனை. தெரிந்துதான் அடித்தான். மண்டை நசுங்கி வீரன் என் வாசற்படியிலேயே போய்விட்டான்.

உலக்கை கதவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்தது நினைவில்லை. முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது, எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கம்பு கீழே விழுந்தது. இரண்டாவது அடி முழங்காலில். உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் உனக்கு ஓங்கினமாதிரியே நான் தலைக்கு நேராக ஓங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், கொல்லத்தான் ஓங்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

பின்னாலிருந்து உலக்கையைப் பிடித்தது என் வீட்டுக்காரர். அன்றைக்குப் பிடித்த பிடி இல்லை இது. என்னால் அசைக்க முடியவில்லை.

"போதும் ராசு" என்றார். "எங்க போகணும்னு சொல்லு. நான் கூட வாரேன்."

வீரனை உன் சேலைத் துண்டில் சுற்றிப் பின்னால் புதைத்தோம். மற்ற இரண்டையும் தனித்தனிச் சாக்கில் போட்டு ராவுத்தர் கடையில் விட்டோம். அப்புறம் பத்து காஜாவுக்கு நடந்தோம். நன்றாக இருட்டிய பிறகுதான் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தோம். முன்பு நான் சொன்னது பொய், நான் தூங்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது சாமான்களெல்லாம் லயத்து வாசலில் கிடந்தன. கங்காணியின் ஆட்கள் நான்கு பேர் தோட்டத்துச் சாலையிலேயே என் வீட்டுக்காரரை மடக்கினார்கள். நான் கத்திக்கொண்டு நடுவில் விழுந்தேன், என்னை மயிரைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அவருக்கு இரண்டு பல் போயிற்று. இடது காது இன்றுவரை கேட்கவில்லை. லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்தியே இருந்தன. நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதவுகளை நன்றாகத் தெரியும்.

ராவுத்தர் தன் சரக்கு வண்டியில் எங்களை ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பினார். கொடுப்பதற்கு அவரிடம் மூங்கில் கூடை ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் மூக்காயியையும் சிட்டையும் ஒன்றாகப் போட்டு மூடிக் கட்டினோம். புந்தோங் போய்த் திறக்கும்போது இரண்டு பிணம்தான் இருக்கும் என்று நினைத்தேன். வழியெல்லாம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. மூக்காயியின் தாடை சிட்டின் முதுகில் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு சிநேகமாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டு நாளில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம்கூடச் சிட்டு மூக்காயியின் மூக்கைக் கிழித்துவிட்டது. ஆனால் கறந்த பாலில் கொஞ்சம் ஊற்றினால் ஒரே கிண்ணத்தில் குடிக்கிறார்கள். வெளியே மாட்டுக்காரர் நாய் குரைத்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குப் பின்னால் போகிறார்கள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

வழக்கு பத்து காஜாவில் நடந்தது. ஜட்ஜ் துரை மேலே உட்கார்ந்திருந்தார், ஒருவர் அவருக்கு என் பேச்சை இங்கிலீசில் சொன்னார். மாணிக்கத்தின் வக்கீல் என்னிடம் வளைத்து வளைத்துக் கேட்டார். ஒரு பூனைக்காக மனுஷன் கையை முறித்தவள் பேச்சை எப்படி நம்புவது என்றார். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பூனைக்காகத்தான் அடிச்சேன்" என்றேன். "அவளுக்காக அன்னிக்கே அடிச்சிருக்கணும். அடிக்கல. அதான் எங் குத்தம்."

அந்த மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்புறம்தான் துரையிடம் சொன்னார். நான் பேசி இறங்கின பிறகு, லயத்திலிருந்து வந்திருந்த இன்னும் இரண்டு பெண்கள் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். மாணிக்கத்தைத் தூக்கில் போடவில்லை, அக்கா. பல வருஷம் போட்டிருக்கிறார்கள், அதே ஊர் ஜெயிலில் இருக்கிறான். உனக்கு இது போதுமா, போதாதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் உலக்கையை என் வீட்டுக்காரர் பிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. சில நாள், பிடித்தாரே என்று அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

நீ காய்ச்சலில் போனதாகக் கங்காணி ஊருக்குச் சேதி அனுப்பியிருக்கிறார். உன் அம்மா இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாராம். அடுத்த மாதம் நாகப்பட்டினம் கப்பலில் உங்கள் ஊர் ஆள் ஒருவர் போகிறார், புந்தோங் மாரியம்மன் கோயிலில் பார்த்தேன். காய்ச்சல் என்றே இருக்கட்டும், பெற்ற வயிறு இதைத் தாங்காது என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலு நாளாக யோசித்தேன்.

எழுதப் போகிறேன், அக்கா. நீ எப்படிப் போனாய், யார் செய்தது, யார் பார்த்தது, பார்த்தவள் முதலில் என்ன பொய் சொன்னாள், எல்லாவற்றையும். கடைசி நாளில் அடிக்கு நடுவிலும் ஒரு வாயில்லாத ஜீவனைத் தூக்கிக் காப்பாற்றினாய் என்பதையும். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு உன் அம்மா என்னைச் சபித்தால் சபிக்கட்டும். தன் பெண் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு அழட்டும். கப்பல் புறப்படுவதற்குள் அந்தக் கடிதம் உங்கள் ஊர் ஆள் கையில் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஒரே வயிற்றில் பிறக்காவிட்டாலும் உன் தங்கச்சி,
ராசம்மா